தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் கிட்டாரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும், முதல் வேலையாக அவர்கள் கண்ணெதிரிலேயே ஆறு கம்பிகளையும் தளர்த்திவிடுவேன். ஒரு தடவைகூட மீட்டிப் பார்க்க மாட்டேன். உன் வீட்டுச் சுருதி எனக்கு வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் தீவில், ஹிலோ ஊரில் இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்தக் கம்பியை எவ்வளவு இறக்கிவைத்து வாசிப்பது என்பது வீட்டுக்கு வீடு வேறு. பெற்ற பிள்ளைக்கே சொல்லாமல் மண்ணுக்குள் போனவர்கள் உண்டு. வாசித்து முடித்து கிட்டாரைக் கீழே வைக்கும் முன், விருந்தாளி பக்கத்தில் இருக்கிறாரோ இல்லையோ, கை தானாக முறுக்காணிகளைத் திருகிக் கம்பிகளைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். அப்படிப்பட்ட ஊரில் நாணயஸ்தன் என்று பெயர் வாங்கியவன் நான். பிலிப்போவிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்பார்கள். இதை எழுதும்போதே காது சுடுகிறது.

போன பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, லுயிகா அக்கா மழையில் நனைந்துகொண்டே வந்து நின்றார். என் மனைவி மிலியாமாவின் அண்ணன் கமுவேலாவின் மனைவி. கமுவேலா மச்சான் இறந்து சரியாக ஒரு வருடம் ஆகவிருந்த நேரம். அக்கா கிட்டார்ப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். குடை அவருக்கு இல்லை, பெட்டிக்குத்தான்.

"பின்பக்கம் ஒரு கீறல் விட்டிருக்கு, பிலிப்போ. சனிக்கிழமைக்குள்ள ஒட்டிக் குடுத்துரு."

"இதுக்கா இந்த மழைல வந்தீங்க? போன் பண்ணிருந்தா நானே வந்திருப்பேன்ல?"

"உன் லாரில குலுங்கிக் குலுங்கி வரவா? வேண்டாம்ப்பா." பெட்டியை மேசையில் வைத்தவர் மூடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. "ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. கம்பியத் தொடாத. அவரு கடைசியா வாசிச்சபடியே இருக்கு. மழை வருது, லாரி ஜன்னலச் சாத்திட்டு வர்றேன்னு நாற்காலில வெச்சுட்டுப் போனாரு. திரும்பி வரல. வாழ்க்கைல அந்த ஒரு நாள்தான் அவரு கம்பிய இறக்காம வெச்சது."

"தெரியும்க்கா."

"நம்ம பொண்ணு கவெஹி வர்றா. சனிக்கிழமை சாம்பலக் கடல்ல கரைக்கிறதுக்கு முன்னாடி வீட்ல அந்தப் பாட்ட வாசிக்கப் போறா. விரலு எங்க வெக்கணும்னு சின்னதுலயே மடில உக்கார வெச்சுக் காமிச்சுட்டாரு. சுருதிய மட்டும் அவரே கூட்டிக் கையில குடுப்பாரு, வாங்கி அவரே இறக்கிடுவாரு. பெரியவளானதும் சொல்றேன்னாரு. எங்க சொன்னாரு! இப்ப அது இந்தப் பொட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு."

"கம்பி மேல என் மூச்சுக்கூடப் படாதுக்கா" என்றேன். அப்படியே சொன்னேன். நாக்கு கூசவில்லை.

அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். அந்தக் கிட்டாரை முன்பு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், மடியில் வைத்ததில்லை. சின்ன உடம்பு. இடுப்பு ஒடுங்கியது. கையை மேலே போட்டால் தோள் தூக்க வேண்டியதில்லை, ஒரு வயதுக் குழந்தையை உட்காரவைத்த மாதிரி தானாக உட்கார்ந்துகொள்கிறது. முழுக்கக் கோஆ மரம். எங்கள் மலையில் வளர்வது, அந்தக் காலத்தில் படகுக்கு வெட்டியது. திருப்பித் திருப்பிப் பார்த்தால் செம்பழுப்பில் வரிகள் நகர்கிற மாதிரி இருக்கும். மச்சானின் சுண்டுவிரல் ஊன்றியிருந்த இடத்தில் மெருகு போய் மரம் வெளுத்திருந்தது. என் சுண்டுவிரலை அங்கே வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. வெட்கங்கெட்டவன், அதில் ஒரு சந்தோஷம் வேறு.

கோஆ மரம் புதிதில் கஞ்சன். எவ்வளவு அடித்தாலும் வாயைத் திறக்காது. பத்து இருபது வருடம் தினமும் வாசித்தால்தான் மெல்லப் பேசும். பேசினாலும் பெரிய கிட்டார் போல முழங்காது. மீட்டியதும் ஒரு சின்னத் தட்டல், உடனே அதற்குள்ளிருந்து ஒரு இனிப்பு, பிறகு சட்டென்று நின்றுவிடும். அடுத்த ஸ்வரத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்ளும். இந்தக் கிட்டார் ஐம்பது வருடம் பேசிப் பழகியது. மச்சான் வாசித்தால் பக்கத்து அறையில் இருப்பவர்கள், யாரோ மெதுவாகப் பாடுகிறார்கள் என்று நினைத்து வாயை மூடுவார்கள்.

அது எனக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் என் வண்டவாளம் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், மச்சான் வீட்டு மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான்கு ஞாயிற்றுக்கிழமை நின்றிருக்கிறேன். நான் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் வாசிப்பதை நிறுத்தி முறுக்காணிகளைத் திருகிவிட்டு, ஊரெல்லாம் வாசிக்கிற பாட்டை வாசிப்பார். தங்கை புருஷன் என்றாலும் வெளியாள்தானே. எனக்குப் பொறுக்கவில்லை. மீன் கொடுக்க வருகிற சாக்கில் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய் நிற்பேன். அவர் ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்ப்பது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்கும். முதல் ஞாயிறு இரண்டு கம்பி, அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு என்று மனசுக்குள் முணுமுணுத்தபடியே வீடு வந்து சேர்வேன். அவர்கள் வீட்டு நாய் பூபூ என்னைக் கண்டுபிடித்துவிட்டது. நல்லவேளை, குரைக்கவில்லை. தொட்டிப் பக்கம் வந்து நின்று வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. அதன் புத்தியை மெச்சினேன்.

திருடிய சுருதியை வீட்டில் வாசிக்க முடியாது. அம்மா அதே சுருதியில் வாசித்துக் கேட்டு வளர்ந்தவள் மிலியாமா; கூட்டத் தெரியாவிட்டாலும், காதில் விழுந்தால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கடற்கரையில் லாரிக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வாசிப்பேன். இருபத்திரண்டு வருடம். ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டு ஒரு இடத்தில் எனக்குச் சறுக்கும். மச்சானிடம் இருந்த ஏதோ ஒன்று என்னிடம் இல்லை. என் விரல்தான் மட்டம் என்று என்னையே எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

இப்போது அந்தக் கிட்டார் அதே சுருதியோடு என் மடியில். கட்டைவிரலை ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும், நான் திருடியது சரியா என்று தெரிந்துவிடும். இழுக்கவில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்காம்! திருடனுக்கு அன்றைக்குப் பார்த்து யோக்கியம் வந்துவிட்டது.

கிட்டாரைக் குப்புறப் போட்டுக் கீறலைப் பார்த்தேன். தலைமயிர் கனம்தான் இருந்தது. அரைமணி நேர வேலை. பசையைச் சூடாக்க வைத்தேன். அப்போது போன் அடித்தது. மிலியாமா.

"சனிக்கிழமைக்கு ஐஸ் எத்தனை மூட்டை சொல்லட்டும்?"

"நாலு சொல்லு."

"நாலா? எங்க அண்ணன் கூட்டம் எவ்வளவு குடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? சனிக்கிழமையாவது நல்ல சட்டையா எடுத்துப் போடுங்க. அந்தப் பச்சைச் சட்டையில பசைக் கறை இருக்கு."

"சரி, ஆறு சொல்லு. சட்டை துவைக்கப் போடு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசி முடித்துக் கீழே வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால், என் இடது கை ஆறாவது முறுக்காணியின் மேல் இருந்தது. ஆறு கம்பியும் தொங்கிக்கொண்டிருந்தன.

முப்பது வருடப் பழக்கம். மேசைக்கு வந்த கிட்டார், கம்பியை இறக்கு. கைக்கு அவ்வளவுதான் தெரியும். எந்த மரியாதைக்காக ஊர் என்னைப் புகழ்ந்ததோ அதே மரியாதை, செத்தவருடைய கடைசிச் சுருதியை ஐஸ் மூட்டைக் கணக்குக்கு நடுவில் அவிழ்த்துப் போட்டுவிட்டது. எத்தனை சுற்றுத் திருகினேன் என்றுகூட நினைவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

போன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டு, அக்கா, கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அழுதிருப்பார், திட்டியிருப்பார். அதோடு போயிருக்கும். ஆனால் எனக்கு வேறு யோசனை வந்தது. என்னிடம்தான் அந்தச் சுருதி இருக்கிறதே! அதையே கூட்டி வைத்துவிட்டால்? தொட்டதே தெரியாது. திருட்டு இன்றைக்குப் புண்ணியமாகிவிடும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கடவுளே இதற்காகத்தான் என்னைத் தொட்டிக்குப் பின்னால் நிற்கவைத்தார் என்றுகூட நினைத்தேன்.

கீறலை ஒட்டினேன். காய்ந்ததும் கதவைத் தாழிட்டுவிட்டு ஒவ்வொரு கம்பியாக, என் நினைவில் இருந்தபடி ஏற்றினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கம்பியத் தொடலியே?" என்றார் அக்கா.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க?" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டேன்கூட.

சனிக்கிழமை காலை மச்சான் வீட்டுக் கூடம் அவர்கள் ரத்த சொந்தங்களால் நிறைந்திருந்தது. வாசலில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. சாம்பல் இருந்த மரக்கிண்ணத்தின் மேல் அக்கா இலைமாலை போட்டிருந்தார். படகுகள் பத்து மணிக்குத் தயாராக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சாம்பல் கரைக்கிற நாள் என்பதால் வெளியாளான என்னையும் உள்ளே விட்டிருந்தார்கள்; துவைத்த சட்டையோடு மிலியாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஹோனலுலுவிலிருந்து வந்திருந்த கவெஹி, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் கிட்டாருக்குப் பின்னால் அவள் முகமே தெரியாது. இப்போது அது அவள் மடிக்கென்றே செய்த மாதிரி அடங்கி உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். முதல் நான்கு ஸ்வரத்திலேயே கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோனது. கோஆ மரம் பேசியது. அதே தட்டல், அதே இனிப்பு. அப்பாடா என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

எனக்கு எப்போதும் சறுக்குகிற இடம் வந்தது. அவளுக்கும் சறுக்கியது. நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். அதே இடத்தில் நின்றாள்.

"அம்மா, என்னமோ மாதிரி இருக்கும்மா. விரலு சரியாத்தான் வெக்கிறேன். இதுல அப்பா சத்தமே கேக்கல."

லுயிகா அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிலிப்போ, கம்பியத் தொட்டியா?"

"இல்லக்கா."

"தொடல?"

"சத்தியமா இல்லக்கா. மழை, ஈரம்... பழைய கம்பி வேற. தளந்திருக்கும்."

"ஈரத்துல ஆறும் தளரும். இதுல அஞ்சாவது மட்டும் தளந்திருக்கு. அதுவும் அளந்து வெச்ச மாதிரி." அக்கா எழுந்து வந்து கவெஹியின் கையிலிருந்த கிட்டாரின் ஐந்தாவது கம்பியை ஒரு தடவை சுண்டினார். அது அடங்கும்வரை கேட்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "இந்த அஞ்சாவது கம்பிய எனக்கு நல்லாத் தெரியும். நம்ம பூபூ இருந்துச்சுல்ல? அது ஞாயித்துக்கிழமையானா தொட்டிப் பக்கம் பாத்து வாலாட்டிட்டு நிக்கும். அந்நியன்னா குரைக்கும். வாலாட்டுதுன்னா, வாரா வாரம் மீன் குடுக்குற ஆளு. கமுவேலா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு வந்து, 'அடியே, வந்துட்டான்டி'ன்னு சொல்லிட்டு, அஞ்சாவது கம்பிய மட்டும் இவ்வளவு கீழ எறக்கிட்டுத்தான் சுருதி சேக்கவே ஆரம்பிப்பாரு. 'தூக்கிட்டுப் போகட்டும், நொண்டிக் குதிரைய'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இந்தச் சுருதி இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுகிட்டதான் இருக்கு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். என் தட்டில் பன்றிக்கறி வைத்தபோதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"அப்போ அப்பா வெச்ச சுருதி?" கவெஹி என் பக்கம் திரும்பினாள். "அத என்ன பண்ணீங்க மாமா?"

"இறக்கிட்டேம்மா. வேணும்னு இல்ல. கை... பழக்கத்துல..." என் கையைப் பார்த்தேன். "தப்பு. மூணு தப்பு. அன்னைக்குத் திருடினேன். வியாழக்கிழமை இத அவுத்தேன். இப்ப உங்கம்மா மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னேன். சுருதி போச்சும்மா. நான்தான் தொலைச்சேன்."

மிலியாமா எழுந்தாள். போய் எதிர்ப்பக்கம் அண்ணியின் அருகில் நின்றுகொண்டாள். அவள் இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கவெஹி கிட்டாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மத்த அஞ்சும் சரியாப் புடிச்சியா?"

"புரியலக்கா."

"காது செவிடா? மத்த அஞ்சு கம்பி. அவரு மாத்தினது ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் நெசம். அதச் சரியாத் திருடினியான்னு கேக்குறேன்."

"ஆமாக்கா. அதுல தப்பு இருக்காது."

"அஞ்சாவது எனக்குத் தெரியும். அந்த ஸ்வரத்துலதான் நான் பாட்ட எடுப்பேன். முப்பத்தெட்டு வருஷம் எடுத்திருக்கேன், தொண்டை மறக்காது." கவெஹியிடம் சொன்னார்: "கண்ணத் தொடைச்சுக்கோ. நான் குரல் குடுக்கிறேன், நீ கம்பிய ஏத்து." வாயைத் திறக்கப் போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்தேன். வழிவிடக் கால்களை மடக்கிக்கொண்ட யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் அந்தச் செருப்புக் குவியலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கத் தைரியமில்லாமல் வெறுங்காலோடு இறங்கினேன். லாரியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றால் அதை நாலைந்து வண்டிகள் மறித்து நின்றன. மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கு அடியில் ஒதுங்க ஓர் இடம்தான் இருந்தது. தொட்டிக்குப் பின்னால்.

ஜன்னல் திறந்திருந்தது. அக்கா வாயைத் திறப்பது தெரிந்தது. நான் இரண்டு காதிலும் விரலை விட்டு அழுத்திக்கொண்டேன். வலிக்கிற அளவுக்கு அழுத்தினேன். ஆசை இல்லாமல் இல்லை. விரலை ஒரு நூல் அகலம் விலக்கினால் இருபத்திரண்டு வருடம் தேடியது கிடைத்துவிடும். கவெஹி முறுக்காணியைத் திருகுவதைப் பார்த்தேன். அவள் முகம் சட்டென்று மலர்வதைப் பார்த்தேன். பிறகு அவள் விரல்கள் ஓடின. சறுக்குகிற இடம் எப்போது வருமென்று எனக்குத் தெரியும். அவள் அதைத் தாண்டிப் போனாள். மிலியாமா கழுத்தில் போட்டிருந்த மாலையை முந்தானை போலத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு கூடம் முழுவதும் அழுதது. என் காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

யாரோ தோளைத் தட்டினார்கள். அக்கா. கையில் என் செருப்பு. விரலை எடுத்தேன்.

"முடிஞ்சுது. படகுக்கு நேரமாச்சு, வா."

"நான் கேக்கலக்கா. ஒண்ணுகூடக் கேக்கல."

"பாத்தேன்." செருப்பைக் கீழே போட்டார். ஜன்னல் வழியாக நாற்காலியில் கிட்டார் தெரிந்தது. ஆறு கம்பியும் இறங்கித் தொங்கின. கவெஹி சரியாகத்தான் செய்திருந்தாள். என்னைப் போல ஒருத்தன் பக்கத்தில் இருக்கும்போது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"என் மேல கோவமாக்கா உனக்கு? திருடிட்டேன்னு?" என்று நான் உளறினேன். எதையாவது பேச வேண்டியிருந்தது. மரியாதைகூடத் தவறிப்போனது.

"எனக்கென்ன கோவம்? நாங்க ரெண்டு பேரும் எவ்வளவு சிரிச்சிருக்கோம். நீ தொட்டிப் பக்கம் வர்றத நிறுத்தினப்புறமும் அவரு அந்த நொண்டிச் சுருதிய விடல. சில நாள் எனக்கு மனசு சரியில்லன்னா அதக் கூட்டிக் கோணலா வாசிச்சுக் காட்டுவாரு. நானே கேப்பேன்." அக்கா படியில் ஏறப்போனவர் திரும்பினார். "நம்ம பக்கம் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு பேரு வெப்பாங்கல்ல? அதுக்கும் ஒண்ணு வெச்சிருந்தாரு."

"என்ன பேருக்கா?"

"பிலிப்போன்னு."